தொடங்கியவர் ஒதுங்கிய பிறகும் நிற்கிற வேலை எது?

செங்காந்தள்

வணக்கம் நண்பர்களே. சொந்த முயற்சியில் ஊருக்கு ஏதாவது செய்தவர்களைப் பற்றிச் செய்தி வந்தால் நான் தேடிப் படிப்பேன். படித்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சும்: அந்த மனிதருக்கு உடம்பு முடியாமல் போனால் நாளைக்கு அந்த வேலையை யார் பார்ப்பார்கள்? பெரும்பாலான செய்திகளில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது. மாலை, விருது, புகைப்படத்தோடு முடிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவர் தலையில் சுமந்த வேலை பல பேர் முறை வைத்துச் செய்யும் வேலையாக மாறினால்தான் அது நிலைக்கும். அது தானாக நடக்காது. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து, வேலையை மற்றவர்கள் கைக்கு அடங்குகிற அளவில் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வங்காரி மாத்தாய் கென்யாவில் பசுமைப் பட்டை இயக்கத்தை 1977-ல் ஏழு மரக்கன்றுகளோடு தொடங்கினார். அவர் நம்பியது கிராமத்துப் பெண்களை. மரம் வளர்க்கப் படிப்பும் பட்டயமும் வேண்டும் என்று வன அதிகாரிகள் பேசியபோது, பயிர் செய்கிற பெண்களுக்கு விதை போடத் தெரியாதா என்ற பக்கம் அவர் நின்றார். நாற்றுப் போடுவது, கொண்டுபோய் நடுவது, காப்பாற்றுவது எல்லாமே அந்தப் பெண்கள் குழுக்களின் பொறுப்பு. பிழைத்து நின்ற கன்றுக்கு மட்டும் சிறு தொகை கொடுக்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நட்ட கன்றைக் கணக்கெடுத்தால் நடுவிழாதான் பெருகும். பிழைத்த கன்றைக் கணக்கெடுத்தால், தண்ணீர் ஊற்றி ஆட்டிடமிருந்து காப்பாற்றும் ஆள் தானாகக் கிடைப்பார். 2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது மூன்று கோடி மரங்களுக்கு மேல் நடப்பட்டிருந்தன. 2011-ல் அவர் மறைந்தார். இயக்கம் நிற்கவில்லை.

உங்களுக்குத் தெரிந்த உதாரணங்களைச் சொல்லுங்கள். மறுப்பு இருந்தாலும் எழுதுங்கள்.

மரநேசன்

அக்கா, நீங்கள் சொன்னதில் பாதிக்குத்தான் என் சம்மதம். தனி ஆளைக் கொஞ்சம் குறைத்துப் பேசுகிறீர்களோ என்று தோன்றுகிறது.

ஜாதவ் பயேங்கை நினைத்துப் பாருங்கள். 1979-ல் அசாமில் பிரம்மபுத்திரா வெள்ளம் வடிந்த மணல்திட்டில், நிழல் இல்லாமல் பாம்புகள் வெயிலில் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். அப்போது பதின்வயதுப் பையன். இங்கே மரம் வளர்க்க முடியுமா என்று வனத்துறையிடம் கேட்டதற்கு, ஒன்றும் வளராது, வேண்டுமானால் மூங்கில் வைத்துப் பார் என்றார்கள். வைத்தார். அதற்கப்புறம் அவர் நிறுத்தவேயில்லை. மண் பதப்படட்டும் என்று எறும்புகளைக்கூடப் பிடித்துக் கொண்டுவந்து விட்டார். இன்று அது சுமார் 550 ஹெக்டேர் காடு. யானைக் கூட்டம் வந்து தங்கிப் போகிறது. வெளி உலகம் கவனிப்பதற்கே ஏறக்குறைய முப்பது வருடம் ஆனது. பத்மஸ்ரீ 2015-ல்தான்.

1979-ல் அவர் ஊரைக் கூட்டி யோசனை கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? மணலில் மரமா என்று கேட்டுவிட்டு எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். பல பேர் சேர்ந்து முடிவெடுத்தால் அந்தக் காடு இல்லை. கர்நாடகத்தில் ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் நடுவே சாலையோரம் 385 ஆலமரங்களை வளர்த்த சாலுமரத திம்மக்காவும் அப்படித்தான். கூலி வேலை செய்த குடும்பம். அவரும் கணவரும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, முள்வேலி கட்டி வளர்த்தார்கள். யாரும் தீர்மானம் போட்டுச் சொன்ன வேலை இல்லை அது.

பிடிவாதக்காரர் ஒருவர் இல்லாமல் எதுவுமே தொடங்காது என்பது என் கட்சி.

செங்காந்தள்

தொடங்குவதற்கு அப்படி ஒருவர் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை, மரநேசன் தம்பி. வேலை எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து மீதி மாறும் என்று நினைக்கிறேன்.

மரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முதல் சில வருடம் காப்பாற்றிவிட்டால் அப்புறம் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். யாரும் உரிமை கொண்டாடாத மணல்திட்டில் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதமும் தேவையில்லை. அதனால் ஒரு ஆள் போதும். சாக்கடை அப்படியா? படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர் அப்படியா? பாசன வாய்க்கால்? அதெல்லாம் நாள்தோறும் கை கேட்கும் வேலை. ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் கெட்டுப்போகும் வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. நன்றாக வளர்ந்துவிட்ட மரத்துக்கும் ஆபத்து வரும். 2019-ல் சாலை விரிவாக்கத்துக்காகத் திம்மக்காவின் ஆலமரங்களை வெட்டும் நிலை வந்தபோது, அந்த வயதிலும் அவரே முதலமைச்சரிடம் போய் முறையிட வேண்டியிருந்தது. அவர் குரலுக்கு மதிப்பு இருந்தது, மரங்கள் தப்பித்தன. யாருடைய பெயரும் சொல்லாத மரங்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே?

தெருவிளக்கு

எல்லோரும் நல்ல மனசோடு பேசுகிறீர்கள். ஆனால் என்னை உறுத்துகிற விஷயம் வேறு. அரசு செய்ய வேண்டியதை மக்கள் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவர்களுக்கு விருது கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

தசரத் மாஞ்சியைக் கொண்டாடுகிறோம். பீகாரின் கெலௌர் கிராமத்தில் 1960 முதல் 1982 வரை சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு மலையைக் குடைந்து வழி போட்டார். மலையைச் சுற்றிப் போனால் மருத்துவரிடம் போய்ச் சேர முடியாது என்ற நிலையில் மனைவியைப் பறிகொடுத்தவர். 22 வருட உழைப்பு. நான் அவரை வணங்குகிறேன். ஆனால் ஒரு சாலை போட வேண்டியவர்கள் 22 வருடம் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவரை மட்டும் புகழ்ந்தால், அடுத்த கிராமத்துக்கும் ஒரு சுத்தியலைத்தானே கொடுக்கிறோம்?

சொந்த அனுபவமும் உண்டு. எங்கள் தெருவில் வடிகால் அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. மனு கொடுத்து அலுத்துப்போய் நாங்களே காசு போட்டு அள்ளினோம். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போனால், “போன தடவை நீங்களே பார்த்துக்கொண்டீர்களே” என்றார்கள். அதற்குப் பிறகு தெருவில் யாரையும் வேலைக்குக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கன்

தெருவிளக்கு சொல்வது நியாயமான கோபம். இதே கேள்விக்கு நாற்பது வருடத்துக்கு முன்பே ஒரு ஊர் விடை கண்டுபிடித்திருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கராச்சியின் ஓரங்கி, பல லட்சம் பேர் முறையான அனுமதி இல்லாமல் குடியேறிய பகுதி. கழிவுநீர் தெருவில் ஓடியது. 1980-ல் அக்தர் ஹமீத் கான் அங்கே ஓரங்கித் திட்டத்தைத் தொடங்கினார். முன்பு இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் கூட்டுறவு இயக்கத்தை நடத்திய அனுபவசாலி. ஓரங்கிக்குப் போய் முதலில் அவர் செய்தது மக்களோடு பேசிக்கொண்டே நடந்ததுதான். மக்கள் நினைப்பு இப்படி இருந்தது: வீட்டுக்கு உள்ளே நம் பொறுப்பு, வாசலைத் தாண்டினால் அரசின் பொறுப்பு. அரசோ வரவில்லை. வந்தாலும் ஒப்பந்தக்காரர் சொல்லும் செலவு அந்த மக்களால் தாங்க முடியாதது.

அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் குழாய், சந்துகளைச் சேர்க்கும் துணை வடிகால், இவை மக்களுடையவை. பல பகுதிகளின் கழிவைக் கொண்டுபோகும் பெரிய வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் அரசுடையவை. சந்து என்றால் இருபது முப்பது வீடு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அவர்களே ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பணம் வசூலித்தார், ஆட்களை வைத்து வேலை வாங்கினார். ஓரங்கித் திட்டத்தார் மக்கள் பணத்தைத் தொடவே இல்லை. அளவெடுத்துக் கொடுத்தார்கள், வரைபடம் போட்டார்கள், கருவிகளை இரவல் கொடுத்தார்கள், மேற்பார்வை பார்த்தார்கள். அவ்வளவுதான். அரசு கட்டியிருந்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கில் வேலை முடிந்தது.

தெருவிளக்கு, இதில் உங்களுக்கான செய்தி அந்தக் கோடுதான். “இதுவரை எங்களுடையது, இதற்கு மேல் உங்களுடையது” என்று முன்கூட்டியே காகிதத்தில் போட்டுவிட்டால், நாம் செய்த வேலையைக் காட்டி அவர்கள் நழுவ முடியாது. எங்கள் பங்கு முடிந்தது, உங்கள் குழாய் எங்கே என்று கேட்கலாம். ஓரங்கி மக்கள் அப்படித்தான் கேட்டார்கள். கையில் பகுதி முழுவதற்கும் வரைபடம் இருந்தது. அலுவலகத்தில்கூட அவ்வளவு துல்லியமான வரைபடம் இல்லை.

இந்த வேலைக்கு ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அந்தத் திட்டத்தை வழிநடத்திய பர்வீன் ரஹ்மான், நில ஆக்கிரமிப்பையும் தண்ணீர்த் திருட்டையும் ஆவணப்படுத்தியவர், 2013 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடம் போடுவது சாதாரண வேலை மாதிரித் தெரியும். யார் எதைத் திருடுகிறார்கள் என்பதையும் அது காட்டிவிடுகிறது.

தெருவிளக்கு

நன்றி கணக்கன் ஐயா. அந்தக் கோடு விஷயம் எனக்குப் புதிது. நாங்கள் எழுதிக் கொடுத்த மனுக்கள் எல்லாமே “தயவுசெய்து செய்து தரவும்” என்ற ரகம். எங்கள் பங்கு எது என்று ஒன்றிலும் சொல்லவில்லை. சந்துப் பொறுப்பாளர் காசை அமுக்கிவிட்டால் என்ன செய்வார்கள்? எங்கள் பக்கம் எல்லாம் பாதி முயற்சிகள் அங்கேதான் உடைகின்றன.

கணக்கன்

சின்னக் கூட்டத்தில் திருடுவது கடினம் என்பது முதல் பதில். குழாய் எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை என்று வாசலில் நின்றே எண்ணிவிடலாம்.

பெரிய தொகை என்றால் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் செய்ததைப் பாருங்கள். 1990-ல் உருவான தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு. வறட்சி நிவாரண வேலையில் சேர வேண்டிய கூலி சேரவில்லை என்பதுதான் பிரச்சினை. 1994 முதல் கிராமங்களில் பொது விசாரணை நடத்தினார்கள். மேடையில் ஒருவர் அரசின் வருகைப் பதிவேட்டை உரக்க வாசிப்பார். பட்டியலில் இறந்தவர் பெயர் வரும். ஊரில் இல்லாதவர் பெயர் வரும். கட்டி முடித்ததாக எழுதப்பட்ட கட்டடம் அங்கே இருக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் எழுந்து “நான் அந்த வேலைக்குப் போகவே இல்லையே” என்று சொல்லலாம். கணக்கைக் காட்டு என்ற அந்தக் கோரிக்கை 1996-ல் பியாவரில் நாற்பது நாள் தர்ணாவாகி, கடைசியில் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை போனது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பல பேர் உண்டு. ஆனால் விதை, கூலி கிடைக்காத சாதாரணத் தொழிலாளர்கள் போட்டது.

நான் சேர்ந்த எந்தப் பொது வேலையிலும் கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். அனுப்பி வைப்பது போதாது. அனுப்பினதை யாரும் திறப்பதில்லை.

இரவுப்பணி

நான் செவிலியர். மரம், சாக்கடை என்று பேச்சு போய்க்கொண்டிருப்பதால், மனிதரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. அதில்தான் சாதாரண மனிதர்களின் பங்கு அதிகம், பேர் குறைவு.

கோழிக்கோட்டில் 1993-ல் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு மருத்துவர்கள் சிலர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவமனைக்கு வர முடிந்தவர்களுக்குத்தான் அது உதவும் என்பது சீக்கிரமே தெரிந்தது. வீட்டிலேயே கிடப்பவர்களை எப்படித் தேடிப் பிடிப்பது? அதனால் அந்தந்தப் பகுதி மக்களுக்கே பயிற்சி கொடுத்து அக்கம்பக்கக் குழுக்களை உருவாக்கினார்கள். ஆசிரியர், கடைக்காரர், ஓட்டுநர், மாணவர் என்று யார் வேண்டுமானாலும் வாரத்தில் சில மணி நேரம் கொடுக்கலாம். நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, பேசிக்கொண்டிருப்பது, அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு நிற்காமல் பார்ப்பது, இவைதான் வேலை. மருத்துவமும் மருந்தும் பயிற்சி பெற்றவர்கள் கையில். 2008-ல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. உள்ளாட்சிகள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் செவிலியரை வைத்தன. தெருவிளக்கு அண்ணா, மக்கள் செய்து காட்டியதால் அரசு தன் பொறுப்பை ஏற்றுக்கொண்ட இடமும் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எனக்கு அதிகம் நெருக்கமான இன்னொரு உதாரணம் ஜிம்பாப்வேயில் இருக்கிறது. ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் வந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர், மருத்துவமனைக்கு வரப் பேருந்துக்குக் காசு இல்லாமல், தற்கொலை செய்துகொண்டார். நாடு முழுவதுக்கும் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். 2006-ல் அவர் இம்பாரே பகுதியில் 14 பாட்டிகளோடு வேலையைத் தொடங்கினார். மருந்தகத்துக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சு. பாட்டி உட்கார்ந்து கேட்பார். மனநலம் என்று எழுதிவைத்தால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று அந்தப் பாட்டிகள்தான் சொன்னார்கள், அதனால் நட்புப் பெஞ்சு ஆனது. பிரச்சினைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கேட்டு வழி தேடுவதுதான் முறை. 2016-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பிறகு வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான்.

இதை யாரும் “சும்மா பேசினாலே போதும்” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பாட்டிகளுக்குப் பயிற்சி உண்டு, மேற்பார்வை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த மூன்றும் இல்லாமல் பெஞ்சை மட்டும் போடுவது தவறு.

புதியவள்

முதல் முறை எழுதுகிறேன். எல்லாவற்றையும் படித்தேன். வேலைக்குப் போய் வருவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. கூட்டத்தில் பேச எனக்கு வராது. காடு வளர்க்கவோ தெருவைத் திரட்டவோ என்னால் ஆகாது. என்னைப் போன்றவர்கள் செய்கிற அளவில் ஏதாவது இருக்கிறதா? உண்மையாகவே கேட்கிறேன்.

செங்காந்தள்

இருக்கிறது தங்கச்சி. உங்கள் மாடியிலும் பக்கத்து வீட்டிலும் தனியாக இருப்பவர் யார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது. கேட்கும்போது அற்பமாகத் தெரியும். இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1995 ஜனவரி 17-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் நிலநடுக்கம். இடிபாட்டில் சிக்கி, மற்றவர்கள் வந்து மீட்க வேண்டியிருந்தவர்கள் சுமார் 35,000 பேர் என்று மதிப்பீடு. அவர்களில் 27,000 பேரை மீட்டது அக்கம்பக்கத்தினர். தீயணைப்பு, காவல், ராணுவம் மூன்றும் சேர்ந்து மீட்டது மீதியைத்தான். பாட்டி எந்த அறையில் படுப்பார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும், அங்கே தோண்டினார்கள். அதே நகரத்தில் மானோ என்ற பகுதி மக்கள் வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்தித் தீயை அணைத்தார்கள். பக்கத்துத் தொழிற்சாலையின் தீயணைப்பு ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். மானோ மக்கள் 1960-களில் ஆலை மாசுக்கு எதிராகச் சேர்ந்தவர்கள். ஒருவரையொருவர் அறிந்திருந்தது முப்பது வருடம் கழித்து வேறு வேலைக்கு உதவியது.

அதே 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் இரண்டை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் ஏறக்குறைய அதே விகிதம். வடக்கு லாண்டேலில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் 4 பேர். தெற்குத் தெருக்களில் கடைகளும் நடமாட்டமும் இருந்தன, முதியவர்கள் வெளியே வந்தார்கள். வடக்கில் காலி மனைகளும் பயமும். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார்கள்.

மேடையில் பேசத் தெரிந்தவர் தேவைப்படாத வேலை இது.

மரநேசன்

இதைப் படித்த பிறகு என் கட்சியைக் கொஞ்சம் திருத்திச் சொல்கிறேன். தொடங்குவதற்குப் பிடிவாதக்காரர் வேண்டும். ஆனால் கோபேயில் தோண்டியவர்கள் யாரும் எதையும் “தொடங்க” வேண்டியிருக்கவில்லை. அறிமுகம் ஏற்கெனவே இருந்தது.

தெருவிளக்கு

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். எந்தத் தெருவிலும் வேலைக்கு வருவது அதே நாலு பேர். மற்றவர்கள் பலனை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். கொஞ்ச காலத்தில் அந்த நாலு பேருக்கும் வெறுத்துவிடும். இதற்கு யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

கணக்கன்

எலினோர் ஆஸ்ட்ரம் ஆயுள் முழுவதும் பார்த்தது இதைத்தான். 2009-ல் பொருளாதார நோபல் வாங்கிய முதல் பெண். மேய்ச்சல் நிலம், மீன்பிடி, வாய்க்கால் பாசனம் என்று பொதுச்சொத்தை மக்களே நூற்றாண்டுக்கணக்கில் காப்பாற்றிய இடங்களைத் தேடித் தேடிப் படித்தார். நேபாளத்தில் விவசாயிகளே நடத்திய வாய்க்கால்கள் பல, அரசுப் பொறியாளர்கள் கட்டிய நல்ல கட்டுமானங்களைவிடக் கடைமடைக்குச் சீராகத் தண்ணீர் கொடுத்ததைக் கண்டார்.

நிலைத்த இடங்களில் சில பழக்கங்கள் பொதுவாக இருந்தன. யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவு. விதியை அதற்குக் கட்டுப்படுபவர்களே போட்டார்கள். கண்காணிப்பவர் அவர்களில் ஒருவர். தப்பு செய்தவருக்கு முதல் முறை மிகச் சிறிய தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால்தான் கூடும். அந்த முதல் தண்டனை ஏன் சிறியது என்று யோசியுங்கள். வராதவர் அடுத்த வாரம் முகம் கொடுத்து வர முடிய வேண்டும். நாம் செய்வது தலைகீழ். மாதக்கணக்கில் மனதுக்குள் திட்டிவிட்டு, ஒரு நாள் வெடித்துச் சண்டை போட்டு, உறவையே முறித்துவிடுகிறோம்.

வராத ஆளிடம் “ஏன் வரவில்லை” என்பதைவிட “எந்த வேலை உங்களுக்கு முடியும்” என்று கேட்டுப் பாருங்கள் என்பேன். சிலருக்கு மண்வெட்டி பிடிக்க முடியாது, மனு எழுத முடியும்.

இரவுப்பணி

யாரைக் கூப்பிடவே இல்லை என்பதையும் பாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுவேலைக்கு வருபவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள், வேற்று மொழி பேசுபவர்கள். நாலு பேர்தான் வருகிறார்கள் என்கிற பல தெருக்களில், நாலு பேரைத்தான் முறையாக அழைத்திருப்பார்கள்.

புதியவள்

செங்காந்தள் அக்கா சொன்னதைத் தொடங்கிவிட்டேன். எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலரிடம் போய்ப் பேசினேன். அவர்களுடைய பிள்ளைகளின் தொலைபேசி எண்ணையும் மருந்து விவரத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். நினைத்ததைவிட எளிதாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்தப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாமா? எல்லோருக்கும் உதவுமே என்று கேட்கிறேன்.

இரவுப்பணி

ஒட்டாதீர்கள் தங்கச்சி. தனியாக இருப்பவர் யார் என்பது வந்து போகிற எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று அந்தப் பெரியவர்களே சம்மதிக்கும் வேறொருவரிடம். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவராகப் பாருங்கள். மருந்து விவரத்தை அவரவர் வீட்டிலேயே, உள்ளே நுழைபவர் உடனே எடுக்கிற இடத்தில் ஒரு உறையில் வைக்கச் சொல்லுங்கள், மருந்து மாறும்போது அவர்களே மாற்றிவிடுவார்கள். மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் மறக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவசரத்தில் முதலில் தேடுவது அதைத்தான்.